நியூட்டன் படித்த பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்கானதா?

கேள்வி இது: "இங்கிலாந்தின் பழைய கிராமர் ஸ்கூல்கள் ஏழைப் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டவை, ஐசக் நியூட்டனே அப்படி மேலே வந்தவர்தான் என்று சொல்கிறார்கள். உண்மையா? அப்படியானால் பின்னாளில் அவற்றை ஏன் மூடினார்கள்?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: இல்லை. ஏழைப் பிள்ளைகள் சிலர் அவற்றின் வழியாக மேலே வந்தார்கள், அது உண்மை. ஆனால் அந்தப் பள்ளிகள் அவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. லத்தீனுக்காகக் கட்டப்பட்டவை. லத்தீன் யாருக்குத் தேவைப்பட்டதோ அவர்கள் வீட்டுப் பையன்கள் வந்தார்கள். "ஏழைக்கு ஏணி" என்ற பேச்சு இருபதாம் நூற்றாண்டில், அதுவும் ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலத்துக்கு மட்டும் பொருந்திய ஒன்று. அதைப் பின்னோக்கி ஐந்நூறு வருடத்துக்கும் நீட்டிவிட்டார்கள்.

இங்கிலாந்து முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் நியூட்டன் படித்த பள்ளியையே பிடித்துக்கொள்கிறேன். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் கிரான்தம் என்ற சந்தை ஊரில் உள்ள கிங்ஸ் ஸ்கூல். லண்டனிலிருந்து வடக்கே போகும் பழைய பெருவழியில் இருக்கும் ஊர். அங்கே பள்ளி இருந்ததற்கான சான்று 1329 வரை பின்னால் போகிறது. ஆனால் இன்று நாம் பேசும் பள்ளிக்கு உருவம் கொடுத்தவர் ரிச்சர்ட் ஃபாக்ஸ். பக்கத்து ராப்ஸ்லி கிராமத்தில் பிறந்தவர். ஏழாம் ஹென்றியின் முத்திரைப் பொறுப்பு அமைச்சராகவும், பிறகு இங்கிலாந்திலேயே பணக்காரப் பதவிகளில் ஒன்றான வின்செஸ்டர் பிஷப் பதவியிலும் இருந்தவர். செயின்ட் உல்ஃப்ரம் தேவாலயத்துக்கு அருகில் பள்ளிக்கென்று ஒரு கற்கட்டடம் எழுப்பினார், 1528இல் மானியம் வைத்து நிலைப்படுத்தினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அந்தப் பழைய வகுப்பறை இன்னும் நிற்கிறது.

ஃபாக்ஸைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் அந்தக் காலத்தின் மனப்போக்கு புரியும். ஆக்ஸ்ஃபோர்டில் துறவிகளுக்கென்று ஒரு கல்லூரி கட்ட நினைத்திருந்தார். நண்பர் ஹியூ ஓல்டம், எக்ஸெட்டர் பிஷப், தடுத்தார். "இந்தத் துறவி மடங்களே எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியவில்லை, படிப்புக்குக் கொடுங்கள்" என்ற பொருளில் அவர் பேசியதாக ஒரு பழைய செய்தி உண்டு. ஃபாக்ஸ் கேட்டுக்கொண்டார். 1517இல் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரி பிறந்தது. ஓல்டமும் சும்மா இருக்கவில்லை. 1515இல் மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலை நிறுவியவர் அவர்தான். இருவரும் பிஷப்புகள், இருவரும் அரசவைக்கு நெருக்கமானவர்கள். தேவாலயத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் நல்ல லத்தீன் எழுதத் தெரிந்த ஆட்கள் தேவை என்பது இவர்களுக்கு நேரடியாகத் தெரியும். ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம், வெளிநாட்டுத் தூதருக்குக் கடிதம், மருத்துவ நூல், பல்கலைக்கழகப் பாடம் எல்லாம் லத்தீன். கிராமர் ஸ்கூல் என்ற பெயரில் இருக்கும் இலக்கணமும் லத்தீன் இலக்கணம்தான். ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகுதான் ஏழு வயதுப் பையனை உள்ளேயே விடுவார்கள்.

அந்த வாசலிலேயே பெரும்பாலான ஏழைகள் நின்றுவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்த மொழியில் எழுத்து தெரிந்த ஏழு வயதுப் பையன், அவனுடைய உழைப்பு இல்லாமலேயே அடுத்த ஏழெட்டு வருடத்தைத் தள்ளக்கூடிய குடும்பம், இரண்டும் வேண்டும். பெண் பிள்ளைகள் கணக்கிலேயே இல்லை.

சரி, அரசர் பெயர் எப்படி வந்தது? கிரான்தம் பள்ளியின் பழைய முழுப்பெயர் "ஆறாம் எட்வர்டு அரசரின் இலவச கிராமர் ஸ்கூல்". பர்மிங்காம், ஸ்ட்ராட்ஃபோர்டு, ஷெர்போர்ன் என்று ஊருக்கு ஊர் எட்வர்டு பெயரில் பள்ளிகள் இருப்பதைப் பார்த்து, அந்தச் சிறுவயது அரசர் கல்விக்கு அள்ளிக் கொடுத்தார் என்று நினைப்பவர்கள் உண்டு. நடந்தது வேறு. இறந்தவர்களின் ஆன்மாவுக்காகத் தினமும் பூசை வைக்கச் சொல்லி, வசதியானவர்கள் நிலம் எழுதி வைப்பது அதுவரை வழக்கம். நம் ஊரில் அர்ச்சனைக் கட்டளைக்கு மானியம் எழுதி வைப்பது போலத்தான். பூசை வைக்கும் பாதிரியாரே ஊர்ப் பையன்களுக்குப் பாடமும் சொல்வது பல இடங்களில் இருந்தது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வந்ததும் அந்தப் பூசையே மூடநம்பிக்கை என்று ஆனது. 1547இல் சட்டம் போட்டு அந்த நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. நிலத்தோடு பள்ளியும் போயிற்று. ஊர்க்காரர்கள் ஓடி ஓடி மனுப் போட்டார்கள். கிடைத்த நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து, அரசர் பெயரைப் பலகையில் ஏற்றினார்கள். கிரான்தமுக்கு அந்தச் சாசனம் 1553இல் வந்தது. கலைக்கப்பட்ட பூசை மானியங்களின் நிலமே பள்ளிக்கு வருமானம், நிர்வாகம் நகர சபையின் கையில்.

இதில் ஒரு நுணுக்கம், என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே முக்கியமானது. சில பள்ளிகளுக்கு நிலம் கிடைத்தது. சில பள்ளிகளுக்கு நிலத்துக்குப் பதில் கஜானாவிலிருந்து வருடத்துக்கு இவ்வளவு பவுண்டு என்று நிரந்தரத் தொகை மட்டும் நிர்ணயித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் விலைவாசி ஏறிய வேகத்தில் அந்தத் தொகை சில தலைமுறைகளில் ஒன்றுக்கும் உதவாததாகிவிட்டது. நிலம் வைத்திருந்த பள்ளிகள் பிழைத்தன. பர்மிங்காம் பள்ளிக்கு 1552இல் கிடைத்த நிலத்தின் ஆண்டு வருமானம் 20 பவுண்டைச் சற்றே தாண்டும். அந்த நிலத்தின் மேல் பின்னாளில் ஒரு தொழில் நகரமே வளர்ந்தது, பள்ளி பெரும் பணக்காரப் பள்ளி ஆனது. எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்பதை ஆசிரியரைவிடப் பத்திரம் தீர்மானித்த இடங்கள் நிறைய.

உள்ளே என்ன நடந்தது? கோடையில் காலை 6 மணிக்குத் தொடக்கம், குளிர்காலத்தில் 7. மாலை 5 வரை. வாரத்தில் ஆறு நாள். ஒரே நீண்ட அறை, சுவரோரம் பெஞ்சுகள், ஒரு கோடியில் தலைமையாசிரியர், மறு கோடியில் சின்னப் பிள்ளைகளுக்கான உதவி ஆசிரியர். எல்லா வகுப்பும் ஒரே அறையில், ஒரே சமயத்தில், வாய்விட்டு. எல்லோர் கையிலும் ஒரே இலக்கணப் புத்தகம், வில்லியம் லில்லியின் பெயரில் வழங்கியது. லில்லி லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியின் முதல் தலைமையாசிரியர். 1540களில் எட்டாம் ஹென்றி, நாடு முழுக்க இது ஒன்றையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். திருத்தங்களோடு இருநூறு வருடத்துக்கு மேல் அது ஓடியது. முதலில் வேற்றுமை, வினைத்திரிபு எல்லாம் மனப்பாடம். பிறகு ஈசாப் கதை, டெரன்ஸ் நாடகம், ஓவிட், வர்ஜில், சிசரோ. பெரிய வகுப்புக்குப் போனால் பள்ளிக்குள் ஆங்கிலம் பேசினாலே அடி விழும்.

அடி என்றதும், அந்தக் காலத்து ஆசிரியர்கள் எல்லோரும் பிரம்பு மட்டுமே தெரிந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். முதலாம் எலிசபெத்துக்குப் பாடம் சொன்ன ரோஜர் ஆஸ்கம் பரிந்துரைத்த ஒரு முறை உண்டு. லத்தீன் பகுதி ஒன்றைப் பையன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் தன் ஆங்கிலத்தை மறுபடி லத்தீனாக்க வேண்டும். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே விலகினான் என்று பார்க்க வேண்டும். இதைவிட நல்ல மொழிப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் ஆசிரியர் வைத்திருந்த அதே வகைப் பள்ளியில்தான் ஷேக்ஸ்பியரும் படித்திருக்க வேண்டும் என்று பொதுவாக ஏற்கிறார்கள். வருகைப் பதிவேடு மிஞ்சவில்லை. வில்லியம் என்ற சிறுவனிடம் ஆசிரியர் லத்தீன் வேற்றுமை கேட்டு மடக்கும் காட்சி ஒன்றை அவர் தம் நாடகத்தில் எழுதியிருக்கிறார். அனுபவிக்காதவரால் அப்படி எழுத முடியாது என்பது என் எண்ணம், நிரூபணம் அல்ல.

கிரான்தமில் படித்தவர்கள் யார் என்று பார்த்தால் முதல் கேள்விக்குப் பதில் தானாகவே வரும். வில்லியம் செசில், பின்னாளில் பர்லி பிரபு, எலிசபெத் அரசியின் வலக்கையாக நாற்பது வருடம் இருந்தவர், இங்கே கொஞ்ச காலம் படித்துவிட்டு ஸ்டாம்ஃபோர்டு பள்ளிக்குப் போனார். அவருடைய அப்பா அரசவை ஊழியர், நிலச்சுவான்தார். ஹென்றி மோர், கேம்பிரிட்ஜ் தத்துவவாதி, உள்ளூர்க்காரர், இங்கிருந்து ஈட்டன் பள்ளிக்குப் போனவர். வணிகர், பாதிரியார், வக்கீல், நிலமுள்ள விவசாயி வீட்டுப் பையன்கள்தான் வகுப்பை நிரப்பினார்கள். இப்படிப்பட்ட பள்ளிகளில் "இலவசம்" என்பதற்கும் வரம்பு இருந்தது. ஊர்ப் பையனுக்கு லத்தீன் கற்றுத்தரக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். புத்தகம், மெழுகுவர்த்தி, குளிர்காலத்து விறகு எல்லாம் வீட்டுச் செலவு என்பதே பல ஊர்களில் நடைமுறை. கிரான்தமில் வெளியூர்ப் பையன் என்றால் 40 ஷில்லிங் கட்டணமும் இருந்தது. கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கிடைத்தாலே நல்ல கூலி என்றிருந்த காலம் அது.

இனி நியூட்டன். இங்கேதான் "ஏழை வீட்டுப் பிள்ளை" என்ற கதை அடிபடுகிறது. 1642 கிறிஸ்துமஸ் நாளில் (அன்றைய நாட்காட்டிப்படி) வூல்ஸ்தார்ப் கிராமத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் சொந்த நிலமும் பண்ணை வீடும் இருந்தன. அம்மா ஹன்னா மறுமணம் செய்துகொண்டது வசதியான ஒரு பாதிரியாரை. அவரும் 1653இல் இறக்க, அம்மா இன்னும் கூடுதல் சொத்தோடு வூல்ஸ்தார்ப் திரும்பினார். தாய்மாமன் கேம்பிரிட்ஜில் படித்த பாதிரியார். ஆகவே வறுமை இல்லை. நியூட்டனுக்கு முன் இருந்த தடை வேறு. பண்ணையைப் பார்த்துக்கொள்ள மூத்த மகன் வேண்டும், அதற்கு லத்தீன் எதற்கு?

1655இல், பன்னிரண்டு வயதில், கிரான்தம் வந்தார். ஊருக்கும் வீட்டுக்கும் ஏழு மைல். தினமும் நடக்க முடியாது என்பதால் கிளார்க் என்ற மருந்துக் கடைக்காரர் வீட்டு மச்சு அறையில் தங்கினார். முதலில் படிப்பில் கடைசிக்கு முந்தின இடம். ஒரு நாள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பையன் அவர் வயிற்றில் உதைத்தான். மாலை பள்ளி விட்டதும் தேவாலய முற்றத்தில் சண்டை. நியூட்டன் ஜெயித்து, அவன் காதைப் பிடித்து இழுத்துப் போய் மூக்கைச் சுவரில் தேய்த்தார். அந்தப் பையன் படிப்பிலும் தனக்கு முன்னால் இருக்கிறான் என்பது பொறுக்காமல் படிக்க ஆரம்பித்துப் பள்ளியில் முதலிடத்துக்கு வந்தார். இதெல்லாம் நியூட்டனின் உறவினர் ஜான் கான்டூயிட் பிற்காலத்தில் எழுதி வைத்தது. வயதான மேதை சொல்லக் கேட்டு எழுதிய கதை என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் பழிவாங்கும் குணம் மட்டும் பிற்காலத்து நியூட்டனோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு காற்றாலை கட்டினார்கள். நியூட்டன் போய்ப் பார்த்துப் பார்த்து அதேபோல் சின்னதாக ஒன்று செய்தார். காற்று இல்லாதபோது உள்ளே ஒரு எலியை விட்டு ஓட்டினார். தண்ணீரால் இயங்கும் கடிகாரம், சுவரெல்லாம் சூரியக் கடிகாரம், வாலில் விளக்கு கட்டிய பட்டம். இவற்றுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் சம்பந்தமே இல்லை. பாடம் லத்தீன், கொஞ்சம் கிரேக்கம், பைபிள். ஆனால் தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ் நிலம் அளப்பது போன்ற நடைமுறைக் கணக்குகளும் கற்பித்திருக்க வாய்ப்பு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது உண்மையென்றால் அந்தக் காலப் பள்ளிகளில் அபூர்வம்.

1659இல் அம்மா பள்ளியை நிறுத்திப் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். பெரும் தோல்வி. ஆடு மேய்க்கச் சொன்னால் மரத்தடியில் புத்தகம், ஆடு பயிரில். மிகைப்படுத்திய கதை என்று நினைக்க வேண்டாம், கோர்ட்டு ஆவணமே இருக்கிறது. அந்த அக்டோபரில் கோல்ஸ்டர்வொர்த் பண்ணை நீதிமன்றம், ஆடுகளை மேயவிட்டதற்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ், பன்றிகள் பயிரில் இறங்கியதற்கு 1 ஷில்லிங், வேலி சரியாக இல்லாததற்கு 1 ஷில்லிங் என்று அவருக்கு அபராதம் போட்டது. சனிக்கிழமைச் சந்தைக்கு ஒரு வேலையாளோடு அனுப்பினால், குதிரையைச் சத்திரத்தில் கட்டிய கையோடு பேரத்தை வேலையாளிடம் விட்டுவிட்டு, பழைய மச்சு அறையில் இருந்த புத்தகங்களிடம் போய்விடுவார்.

இப்போது பள்ளி குறுக்கே வருகிறது. ஸ்டோக்ஸ் அம்மாவிடம் போய்ப் பேசினார், இந்தப் பையனைப் பண்ணையில் புதைப்பது வீண் என்றார். வெளியூர்ப் பையன்கள் கட்ட வேண்டிய 40 ஷில்லிங்கையும் வாங்கவில்லை என்று சொன்னார். தாய்மாமனும் சேர்ந்து வற்புறுத்தினார். 1660இல் திரும்ப வந்து ஸ்டோக்ஸ் வீட்டிலேயே தங்கிப் படித்து, 1661 ஜூனில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அனுப்பும் நாளன்று ஸ்டோக்ஸ் அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, கண்ணில் நீர் வர, இவனைப் போல் இருங்கள் என்று மற்ற பையன்களுக்குச் சொன்னாராம். இன்றும் அந்தப் பழைய வகுப்பறை ஜன்னல் திண்டில் நியூட்டன் பெயர் செதுக்கியிருப்பதைக் காட்டுகிறார்கள். அவரே செதுக்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள். பெயர் செதுக்கும் பையன்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

பள்ளியின் பங்கை எப்படி மதிப்பிடுவது? கணிதத்தை நியூட்டன் பெரும்பாலும் கேம்பிரிட்ஜில் தாமாகவே படித்துக்கொண்டார். ஆனால் 1687இல் வெளிவந்த "பிரின்சிபியா" லத்தீனில் எழுதப்பட்டது. ஜெர்மானியரான லைப்னிட்சும் டச்சுக்காரரான ஹைகன்சும் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் படித்தார்கள். அந்த மொழியை அவர் கையில் கொடுத்தது கிரான்தம் பெஞ்சு. அதோடு, விதிமுறையில் இருந்த கட்டணத்தை ஒரு ஆசிரியர் தம் பொறுப்பில் விட்டுக்கொடுத்தார். "ஏழைக்கான பள்ளி" என்று சொல்வதைவிட, விதியைத் தளர்த்த மனமுள்ள ஆசிரியர் இருந்த பள்ளி என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டை வேகமாகத் தாண்டலாம். 1680களில் கிரான்தமில் படித்த காலி சிபர் நடிகராகி, 1730இல் அரசவைக் கவிஞரும் ஆனார், மோசமான கவிஞர் என்று அலெக்சாண்டர் போப் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதற்குள் லத்தீனின் தேவை குறைந்துகொண்டே வந்தது. வியாபாரிகளுக்கு வேண்டியது கணக்கு, பிரெஞ்சு, ஜெர்மன். பள்ளியோ நிறுவனர் எழுதிவைத்த பத்திரத்தின்படி லத்தீன் மட்டுமே தரும். பையன்கள் வேறு பள்ளி தேடிப் போனார்கள்.

இந்த முட்டுக்கட்டை லீட்ஸ் நகரத்தில் வழக்காகவே வெடித்தது. கம்பளி வணிக நகரம், பள்ளியின் தர்மகர்த்தாக்கள் பிரெஞ்சு, ஜெர்மன், கணிதம் சேர்க்க விரும்பினார்கள். 1790களில் தொடங்கிய வழக்குக்கு 1805இல் தீர்ப்பு. நீதிபதி எல்டன் பிரபு, அவரே நியூகாசில் கிராமர் ஸ்கூலில் படித்தவர். சாமுவேல் ஜான்சனின் அகராதியைப் பார்த்து, கிராமர் ஸ்கூல் என்றால் கற்றோர் மொழிகளை இலக்கண முறைப்படி கற்பிக்கும் பள்ளி என்று முடிவு கட்டினார். அந்த மானியத்தை லீட்ஸ் வியாபாரிகளின் வசதிக்காகத் திருப்ப முடியாது என்றார். லத்தீனுக்குத் துணையாக மற்றப் பாடங்கள் கொஞ்சம் இருப்பதை அவர் முழுக்கத் தடுக்கவில்லை. ஆனாலும் நாடெங்கும் தீர்ப்பை அப்படித்தான் புரிந்துகொண்டார்கள், யாரும் பாடத்திட்டத்தில் கைவைக்கத் துணியவில்லை. இதைச் சரிசெய்ய 1840இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அதுவும் அரைகுறைதான், இருக்கும் தலைமையாசிரியர் சம்மதிக்காவிட்டால் நகராது.

1860களில் டான்டன் பிரபு தலைமையில் ஆணையம் ஒன்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது. தேம் என்ற ஊரில் சம்பளம் வாங்கும் ஆசிரியர் இரண்டு பேர், மாணவன் ஒருவன். பெண்களுக்கான மானியப் பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெண் கல்விக்குப் போராடிய ஃபிரான்சஸ் பஸ், டொரத்தியா பீல் போன்றவர்கள் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். 1869 சட்டம் பழைய பத்திரங்களை மாற்றி எழுத அதிகாரம் கொடுத்தது. மானியத்தில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்குப் போக வழி பிறந்தது. இதற்கு ஒரு கசப்பான மறுபக்கமும் உண்டு. பல ஊர்களில் "இலவசம்" என்ற பழைய சொல்லை நீக்கிவிட்டுக் கட்டணம் வைத்தார்கள், சில இடங்களை மட்டும் தேர்வு வைத்து உதவித்தொகையோடு கொடுத்தார்கள். உள்ளூர் ஏழைக்கு எழுதிவைத்த சொத்தை நடுத்தர வர்க்கத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அப்போதே சண்டை நடந்தது.

ஏணி என்ற பேச்சு இதற்கும் பிறகுதான். 1902 சட்டத்தால் உள்ளாட்சிகள் உயர்நிலைப் பள்ளிகளை நடத்தத் தொடங்கின. 1907இல் புது விதி: அரசு மானியம் முழுமையாக வேண்டுமானால், இடங்களில் கால் பங்கைச் சாதாரணத் தொடக்கப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். கிரான்தமில் 1910இல் பெண்களுக்கும் ஒரு கிராமர் ஸ்கூல் வந்தது. 1936இல் அங்கே உதவித்தொகையோடு சேர்ந்தாள் மளிகைக் கடைக்காரர் ஆல்ஃப்ரட் ராபர்ட்ஸின் மகள் மார்கரெட். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படிக்க விரும்பினாள். வேதியியலுக்கே ஆனாலும் நுழைய லத்தீன் வேண்டும். பெண்கள் பள்ளியில் அவள் லத்தீன் படித்திருக்கவில்லை. ஆண்கள் பள்ளியான கிங்ஸ் ஸ்கூல் ஆசிரியர் ஒருவரிடம் அவசர அவசரமாகக் கற்று, தேர்வு எழுதிப் போனாள். பின்னாளில் மார்கரெட் தாட்சர்.

1944இல் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டத்தோடு அரசுப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது. கிராமர் ஸ்கூல் முதல்முறையாக உண்மையிலேயே இலவசம் ஆனது. ஆனால் வாசலில் பதினோரு வயதுத் தேர்வு நின்றது, 11 பிளஸ். தேறியவர் கிராமர் ஸ்கூலுக்கு, மற்றவர் செகண்டரி மாடர்ன் என்ற பள்ளிக்கு. தேறியவர்கள் நாட்டுக்கணக்கில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கம். எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளி இருந்ததோ அதற்கேற்ப இந்த விகிதம் வெகுவாக மாறும். பெண்களுக்கான இடங்கள் குறைவாக இருந்த ஊர்களில் அதே மதிப்பெண் வாங்கிய பையன் உள்ளே, பெண் வெளியே. இந்த ஏணி சிலருக்கு நன்றாகவே வேலை செய்தது. 1964 முதல் 1997 வரை பிரதமராக இருந்த ஐந்து பேரும், வில்சன், ஹீத், காலகன், தாட்சர், மேஜர், பணக்காரத் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள் அல்லர். மறுபக்கம், உள்ளே போன தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளில் பலர் படிப்பை முடிக்காமலே வெளியேறுகிறார்கள் என்று 1954லேயே ஒரு அரசு அறிக்கை சொன்னது.

அப்புறம் ஏன் மூடினார்கள்? தொழிற்கட்சியின் சமத்துவக் கொள்கை என்று பாதிக் கதையை மட்டும் சொல்வார்கள். 1965இல் அமைச்சர் ஆன்டனி கிராஸ்லண்ட் சுற்றறிக்கை அனுப்பி, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளிகளுக்கு மாறச் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன்பே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது, முக்கியமாக நடுத்தர வர்க்கப் பெற்றோரிடம். கட்டணம் இருந்த காலத்தில் பணம் கட்டி இடம் வாங்கியிருப்பார்கள். இப்போது பிள்ளை ஒரு காலைத் தேர்வில் சறுக்கினால் மாற்று வழி இல்லை. முக்கால்வாசிப் பிள்ளைகளைப் பதினோரு வயதில் "தேறாதவர்" என்று அனுப்பும் ஏற்பாட்டை எந்த ஜனநாயகத்திலும் ரொம்ப நாள் காப்பாற்ற முடியாது. 1970இல் கல்வி அமைச்சரான தாட்சர் வந்தவுடன் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார். ஆனால் உள்ளாட்சிகளிடமிருந்து வந்த 3,600க்கும் மேற்பட்ட மாற்றத் திட்டங்களில் 326ஐ மட்டுமே நிராகரித்தார். பொதுப்பள்ளிகளுக்கு மிக அதிகமாக அனுமதி கொடுத்த கல்வி அமைச்சர் அந்த கிராமர் ஸ்கூல் மாணவிதான். 1960களில் 1,300 அளவில் இருந்த கிராமர் ஸ்கூல்கள் இங்கிலாந்தில் இன்று 163.

லிங்கன்ஷயர் மாறாமல் நின்ற மாவட்டங்களில் ஒன்று. கிரான்தமில் இரண்டு பள்ளிகளும் இன்றும் 11 பிளஸ் வைத்துத்தான் எடுக்கின்றன. லண்டனின் ஓரங்களிலும் சில தப்பின. 1573இல் எலிசபெத் அரசியின் சாசனத்தோடு தொடங்கிய பார்னெட் குவீன் எலிசபெத் பள்ளி 1971இல் பொதுப்பள்ளியாகி, 1994இல் மறுபடி தேர்வுக்குத் திரும்பியது. இப்படிப்பட்ட பள்ளிகளுக்காக வருடக்கணக்கில் டியூஷன் அனுப்பும் பெற்றோரில் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் நிறைய. டியூஷனுக்குப் பணம் இருப்பவர்களுக்கே வாசல் திறக்கிறது என்ற குறைக்கு ஆதாரம் இருக்கிறது. பள்ளியில் இலவச உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் கிராமர் ஸ்கூல்களில் 3 சதவீதம்கூட இல்லை என்று 2010களின் நடுவில் எடுத்த கணக்குகள் காட்டின.

புதிதாக கிராமர் ஸ்கூல் தொடங்க 1998 சட்டம் தடை போட்டது. இருப்பதை மூடவும் அரசு நேரடியாகப் போகவில்லை, உள்ளூர்ப் பெற்றோர் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று விட்டது. 2000இல் ரிப்பன் என்ற ஊரில் நடந்த ஒரே வாக்கெடுப்பில், பள்ளி அப்படியே இருக்கட்டும் என்று ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவானது. 2016இல் அப்போதைய பிரதமர் தெரசா மே தடையை நீக்கப் பார்த்தார், அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரும்பான்மை போனதும் திட்டமும் போயிற்று. ஆனால் இருக்கும் பள்ளி பெரிதாவதைச் சட்டம் தடுக்கவில்லை. கென்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் ஊரில் உள்ள ஒரு பெண்கள் கிராமர் ஸ்கூல், வேறு ஊரான செவனோக்ஸில் ஒரு "இணைப்புக் கட்டடம்" கட்டி 2017இல் திறந்தது. புதிய பள்ளியா, பழைய பள்ளியின் இன்னொரு வகுப்பறையா என்ற வாதம் நன்றாகவே நடந்தது.